மண்ணிலும் மாட்டின் வயிற்றிலும் நுண்ணுயிர்கள்: ஆய்வும் ஊரகப் பொருளாதாரமும்

ஆந்திரப் பிரதேசத்தில் புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே அமைந்துள்ளது வடமாலபேட்டை. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 2022ஆம் ஆண்டின் மாவட்டச் சீரமைப்புக்குப் பின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. மானாவாரி நிலத்தில் நிலக்கடலை, ஏரிப் பாசனத்தில் நெல், கிணற்றுப் பாசனத்தில் கரும்பு, மேட்டு நிலத்தில் மா, வீட்டுத் தொழுவத்தில் ஓரிரண்டு கறவை மாடுகள் என்பதே இவ்வட்டாரக் குடியானவரின் பொருளாதாரம். இந்தப் பொருளாதாரத்தின் வரவு செலவுக் கணக்கில் இடம்பெறாத உழைப்பாளிகள் சிலர் உள்ளனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அவர்கள். கடலைச் செடிக்குத் தழைச்சத்து ஊட்டுவதும், மாடு தின்ற வைக்கோலைப் பாலாக்க உதவுவதும், சாணத்தை எரிவாயுவாக மாற்றுவதும் அவைதாம். வயலுக்கு இட்ட யூரியாவில் ஒரு பகுதி வீணாவதற்கும், மாட்டுத் தீவனத்தின் ஆற்றலில் ஒரு பங்கு காற்றில் கலப்பதற்கும் அவையே காரணம்.

இந்த நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. உர மானியம், எண்ணெய் வித்து உற்பத்தி, பால் பெருக்கம், எரிபொருள், பருவநிலை ஆகிய ஐந்து துறைகளின் கொள்கைகளோடும் அது பின்னிப் பிணைந்துள்ளது. ஆகவே, மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் அதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் அவசியம்.

இரு பெரும் குலங்கள்

உட்கரு இல்லாத ஓரணு உயிர்கள் அனைத்தையும் பாக்டீரியா என்ற ஒரே பெயரால் அழைப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் இக்கருத்தை மாற்றினர். உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தோற்றத்தில் பாக்டீரியாவைப் போல் இருப்பினும், மரபுவழியில் முற்றிலும் வேறான குலத்தைச் சேர்ந்தவை எனக் கண்டனர். இக்குலமே இன்று ஆர்க்கியா எனப்படுகிறது.

உப்பு மிகுந்த நீரிலும் கொதிக்கும் ஊற்றுகளிலும் மட்டுமே ஆர்க்கியா வாழும் என்று முதலில் எண்ணப்பட்டது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும் தறுவாயில் பாத்திகளின் நீர் இளஞ்சிவப்பு நிறம் கொள்வதில் இவ்வகை உயிர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மராட்டிய மாநிலத்தின் புல்தாணா மாவட்டத்திலுள்ள லோணார் ஏரி 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் திடீரென்று சிவந்தபோது, உப்பை விரும்பும் ஆர்க்கியாவின் நிறமியே அதற்குக் காரணம் எனப் புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்தது. ஆயினும், ஆர்க்கியா இத்தகைய கடும் சூழல்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வயல் மண்ணிலும், நன்செய்ச் சேற்றிலும், கால்நடைகளின் குடலிலும், மனிதக் குடலிலும் அது வாழ்கிறது என்பது பிந்தைய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

இந்த அறிவு காலந்தாழ்ந்து கிட்டியதற்குக் காரணம் உண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களில் மிகச் சிறு பகுதியே ஆய்வுக்கூடத் தட்டில் வளரும். எஞ்சியவற்றை அவற்றின் மரபுப் பொருளை நேரடியாகப் படித்தே அடையாளம் காண வேண்டியுள்ளது. மண்ணிலிருந்தோ குடலிலிருந்தோ எடுத்த மாதிரியில் உள்ள மரபுப் பொருள் முழுவதையும் பிரித்தெடுத்துப் படிக்கும் முறை கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்தது. இதனால் எந்தச் சூழலில் எந்த நுண்ணுயிர் உள்ளது என்பதோடு, அது என்ன வேலை செய்யக்கூடும் என்பதையும் ஊகிக்க முடிகிறது.

கடலைச் செடியின் வேர்முடிச்சு

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. எனினும், செடி அதனை நேரே உண்ண இயலாது. உர ஆலையில் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற 400 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. இதே வேலையைப் பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா சாதாரண வெப்பநிலையில் செய்து முடிக்கிறது. ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகியோர் 1880களில் இவ்வுண்மையை நிலைநாட்டினர். 1888ஆம் ஆண்டில் ஹாலந்தின் பெய்ஜரிங்க் இந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். இந்தியாவில் என்.வி. ஜோஷி 1920ஆம் ஆண்டிலேயே இத்துறையில் ஆய்வு வெளியிட்டார்.

நிலக்கடலையில் முடிச்சு உண்டாக்குவது பிராடிரைசோபியம் என்னும் மெதுவாக வளரும் இனம். பல பயறுச் செடிகளில் பாக்டீரியா வேர்த்தூவி வழியே நுழைகிறது. நிலக்கடலையிலோ, பக்கவேர் புறப்படும் இடத்தில் உண்டாகும் சிறு வெடிப்பின் வழியே உட்புகுகிறது. செடி அதற்குச் சர்க்கரைப் பொருளை அளிக்க, பாக்டீரியா தழைச்சத்தைத் திருப்பித் தருகிறது. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். ஆகவே, நம் இரத்தத்திலுள்ள சிவப்பு நிறமியை ஒத்த ஒரு பொருளைச் செடி முடிச்சினுள் உண்டாக்கி, ஆக்சிஜனை அளவோடு வழங்குகிறது. விதைத்த முப்பது நாற்பது நாளில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிய வேண்டும். வெண்மையாகவோ பச்சையாகவோ இருப்பின், அம்முடிச்சு வேலை செய்யவில்லை என்று பொருள். எந்தக் கருவியும் இன்றி விரிவாக்க அலுவலர் வயலிலேயே செய்யக்கூடிய சோதனை இது.

நம் மண்ணில் கடலைக்கு ஏற்ற பாக்டீரியா இயல்பாகவே உள்ளதே, அதனை ஏன் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் என்ற வினா எழலாம். மண்ணில் உள்ள எல்லா வகைகளும் ஒரே திறன் உடையவை அல்ல. திறன் குறைந்த வகைகள் முந்திக்கொண்டு முடிச்சுகளைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்சேருவில் 1972ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அனைத்துலக வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இப்பிரச்சினையை விரிவாக ஆராய்ந்தது. ‘என்சி 92’ என்னும் வகையை ‘ராபட் 33-1’ என்ற கடலை ரகத்தின் விதையோடு சேர்த்து இட்டபோது, பல சோதனைகளில் விளைச்சல் கூடியது. ஆந்திரத்தில் ‘கதிரி 3’ எனப் பெயர் பெற்று வழங்கிய ரகம் இதுவே. ஆனால் எல்லா ரகங்களிலும் எல்லா இடங்களிலும் இப்பலன் கிட்டவில்லை. பயிரின் ரகம், பாக்டீரியாவின் வகை, மண்ணின் தன்மை ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் பயன் உண்டு என்பதே அந்த ஆய்வின் பாடம். திருப்பதி மண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ‘நாராயணி’, ‘தரணி’ போன்ற கடலை ரகங்களை அளித்துள்ளது. ஒவ்வொரு புதிய ரகத்துக்கும் ஏற்ற நுண்ணுயிரையும் உடன் தேர்ந்தெடுத்துத் தருவதே முறையாகும்.

உயிருள்ள சரக்கும் சந்தையும்

உயிர் உரத்தின் பயனை விளக்கும் கட்டுரைகள் பல உண்டு. அது ஏன் எதிர்பார்த்த அளவு பரவவில்லை என்பதே பொருளாதார நோக்கில் முதன்மையான வினா. 1983ஆம் ஆண்டில் மத்திய அரசு காசியாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய உயிர் உர வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. பல மாநிலங்களில் உற்பத்தி நிலையங்கள் அமைந்தன. ஆயினும் யூரியாவுக்குக் கிடைத்த வரவேற்பு உயிர் உரத்துக்குக் கிடைக்கவில்லை.

இதற்கான முதற்காரணம் சரக்கின் இயல்பிலேயே உள்ளது. யூரியா உயிரற்ற பொருள். வருடக்கணக்கில் கிடங்கில் இருந்தாலும், நனையாதவரை அதன் சத்து குறையாது. ரைசோபியம் பொட்டலத்தில் இருப்பதோ உயிருள்ள அணுக்கள். கோடையில் தகரக் கூரையின் கீழ் சில வாரங்கள் கிடந்தால் அவற்றில் பெரும்பகுதி மடிந்துவிடும். பொட்டலத்தின் நிறமும் மணமும் எடையும் மாறா. உயிருள்ள பொட்டலத்தையும் உயிரற்ற பொட்டலத்தையும் கடைக்காரரோ குடியானவரோ கண்ணால் பிரித்தறிய இயலாது.

தரத்தை வாங்குவோர் அறிய முடியாத சந்தையில் ஒரு தீய சுழற்சி ஏற்படுகிறது. நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். ஆகவே, தரத்துக்காகச் செலவு செய்யும் உற்பத்தியாளர் நட்டமடைகிறார். செலவு செய்யாதவர் நிலைக்கிறார். ஓரிரு பருவங்கள் பயன் காணாத விவசாயி இதை வெறும் கரித்தூள் என்று கைவிடுகிறார். அவர் கைவிடுவது தவறான பொட்டலத்தை மட்டுமன்று. சரியான அறிவியலையும் சேர்த்துத்தான்.

இதனை உணர்ந்தே, 2006ஆம் ஆண்டில் உயிர் உரங்கள் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. தூள் வடிவில் உள்ள ரைசோபியம் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்களும், திரவ வடிவில் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 10 கோடி உயிரணுக்களும் இருக்க வேண்டும் என்பது விதி. விதி நன்று. ஆனால் ஆலை வாயிலில் எடுத்த மாதிரியைவிடச் சில்லறைக் கடையில் விதைப்புப் பருவத்தில் எடுக்கும் மாதிரியே உண்மையைச் சொல்லும். ஆய்வாளர்களும் சோதனைக்கூடங்களும் அந்த இடத்தில்தான் கவனம் செலுத்த வேண்டும்.

பயன்படுத்தும் முறையிலும் கவனம் தேவை. ஆறிய அரிசிக் கஞ்சியில் உயிர் உரத்தைக் கலந்து, விதையோடு பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். விதையைப் பூசணக்கொல்லி மருந்தால் நேர்த்தி செய்வதாயின் அதனை முதலில் செய்து, 24 மணி நேரம் கழித்தே உயிர் உரம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால், விலை கொடுத்து வாங்கிய உயிரணுக்களை நாமே கொன்றவர்களாவோம்.

யூரியாவை உண்ணும் உயிர்கள்

நெல்லுக்கும் கரும்புக்கும் இடும் யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாக மாறுகிறது. அதன்பின் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட் எளிதில் நீரோடு கரைந்து கீழிறங்கிவிடும். மற்றொரு கூட்டம் நுண்ணுயிர்கள் அதனை மீண்டும் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். ஆக, விவசாயி இட்ட தழைச்சத்தில் பெரும்பகுதி பயிரைச் சேர்வதில்லை.

அம்மோனியாவை மாற்றும் இவ்வேலையைப் பாக்டீரியா மட்டுமே செய்வதாக ஒரு நூற்றாண்டுக் காலம் பாடநூல்கள் கூறிவந்தன. 2005ஆம் ஆண்டில் இவ்வேலையைச் செய்யும் கடல் ஆர்க்கியா ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, பல மண் வகைகளில் இத்தகைய ஆர்க்கியாவின் எண்ணிக்கை பாக்டீரியாவைவிட மிகுதி என்று தெரியவந்தது. இந்தியாவில் உற்பத்தியாகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்பட வேண்டும் என 2015ஆம் ஆண்டில் அரசு ஆணையிட்டது. வேம்பின் சத்து இந்த நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைப்பதே அதன் அறிவியல் அடிப்படை. எந்த மண்ணில் எந்த உயிர் இவ்வேலையைச் செய்கிறது என்று அறிந்தால், அதனை மட்டுப்படுத்தும் முறையையும் செம்மைப்படுத்தலாம். அரசு மானியத்தில் விற்கும் பொருள் வயலில் வீணாகாமல் காப்பது, விவசாயிக்கும் கருவூலத்துக்கும் ஒருங்கே நன்மை.

கரும்பிலும் ஒரு வாய்ப்பு உண்டு. 1988ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் கரும்பின் தண்டுக்குள்ளேயே வாழ்ந்து காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் ஒரு பாக்டீரியாவை விவரித்தனர். இன்று குளுக்கனாசெட்டோபாக்டர் என வழங்கும் இவ்வுயிர், தமிழ்நாட்டிலும் கரும்புக்கான உயிர் உரமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி எனப்படும் பாக்டீரியா தழைச்சத்தைச் சேர்க்கிறது என்பதை பி.கே. டே 1939ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

மாட்டின் வயிறு என்னும் தொட்டி

மாடு வைக்கோலைச் செரிப்பதாகக் கூறுகிறோம். உண்மையில் வைக்கோலின் நார்ப்பொருளை உடைக்கும் நொதி மாட்டிடம் இல்லை. ரூமன் எனப்படும் அதன் முதல் இரைப்பையில், ஒரு மில்லிலிட்டர் நீர்மத்தில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியா வாழ்ந்து அவ்வேலையைச் செய்கின்றன. அப்போது வெளியாகும் ஹைட்ரஜன் தேங்கினால் செரிமானம் தடைப்படும். ஆர்க்கியா அந்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்குகிறது. மாடு அதனை ஏப்பமாக வெளிவிடுகிறது. தீவனத்தின் வகையைப் பொறுத்து, உட்கொண்ட ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை இவ்வாறு இழப்பாகிறது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 19 கோடியே 35 இலட்சம் மாடுகளும், 11 கோடி எருமைகளும் உள்ளன. வைக்கோலும் தட்டையும் மிகுதியாகத் தின்னும் மாட்டில் ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் இழப்பு அதிகம். எனவே, இதனைக் குறைப்பது பருவநிலைக்காக மட்டுமன்று; பால் பெருக்கத்துக்காகவும் ஆகும். பெங்களூரிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியக்க நிறுவனம் புளியங்கொட்டைத் தோல் போன்ற டானின் மிகுந்த பொருள்களை ஆராய்ந்து, ‘ஹரித் தாரா’ என்னும் தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. மீத்தேன் வெளியேற்றம் 17 முதல் 20 விழுக்காடு குறைவதாக அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. கழிவாகப் போகும் பொருள் தீவனமாவது இதன் சிறப்பு.

குடல்வாழ் நுண்ணுயிரின் மதிப்பை உணர்த்தும் சிறந்த எடுத்துக்காட்டு சுபாபுல் மரம். 1980களில் நம் நாட்டில் பெருமளவு நடப்பட்ட இம்மரத்தின் இலை புரதம் மிக்க தீவனம். ஆனால் அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சுப்பொருளால் கால்நடைகளுக்கு முடி உதிர்தலும் கழலை வீக்கமும் உண்டாவது உண்டு. ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் ஜோன்ஸ், ஹவாய்த் தீவின் ஆடுகள் இதே இலையைத் தின்றும் நலமாக இருப்பதைக் கவனித்தார். அவ்வாடுகளின் ரூமன் நீர்மத்தை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்தியதும் நச்சு நீங்கியது. அதற்குக் காரணமான பாக்டீரியாவுக்கு 1992ஆம் ஆண்டில் அவர் நினைவாக சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை எனப் பெயரிடப்பட்டது. ஒரு நாட்டின் ஆட்டு வயிற்றில் இருந்த பாக்டீரியா, மற்றொரு நாட்டின் மேய்ச்சல் பொருளாதாரத்தையே மாற்றியது.

சித்தூர்ப் பகுதிக்கே உரிய குட்டையான புங்கனூர் மாடு, குறைந்த தீவனத்தில் பிழைக்கும் இனம். உள்நாட்டு இனங்களைக் காப்பதற்கு மரபணு வளம் ஒரு காரணம் எனில், அவற்றின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர் வளமும் ஆராயத் தக்க மற்றொரு காரணம். 2005ஆம் ஆண்டில் திருப்பதியில் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருப்பது இப்பணிக்கு ஏற்ற வசதி.

அதே உயிர், அடுப்பின் நெருப்பு

ரூமனில் இழப்பாகும் மீத்தேன், சாண எரிவாயுக் கலனில் வரவாகிறது. இரண்டிலும் வேலை செய்வது மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாவே. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.வி. தேசாய் 1930களின் இறுதியில் தொடங்கிய சோதனைகள், கதர் கிராமத் தொழில் ஆணைக்குழுவின் முயற்சியால் 1960களில் ஊர்களைச் சென்றடைந்தன. ஆறாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1981-82இல் தேசிய சாண எரிவாயுத் திட்டம் தொடங்கப்பட்டது. குளிரிலும் புளிப்பேறிய கரைசலிலும் இந்த ஆர்க்கியா சோர்ந்துவிடும். ஆகவே, கலனில் வாயு குறைந்தால் கொத்தனாரைக் குறை கூறுமுன், தொட்டிக்குள் வாழும் உயிரின் நலத்தையும் ஆராய வேண்டும்.

நாமே அளந்தால்தான் நம் கணக்கு

நீர் நிறைந்த நெல் வயலிலும் ஆர்க்கியா மீத்தேனை உண்டாக்குகிறது. 1990ஆம் ஆண்டையொட்டி, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 இலட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீடு ஒன்று கூறியது. வேறு நாடுகளின் வயல்களில் எடுத்த சில அளவீடுகளை நம் நாட்டுக்கும் பொருத்தியதன் விளைவு அது. இதனை அப்படியே ஏற்றிருந்தால், பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் நெல் விளைவிக்கும் ஏழை உழவர் மீது பெரும் பழி விழுந்திருக்கும். டாக்டர் ஏ.பி. மித்ராவின் தலைமையில், தேசிய இயற்பியல் ஆய்வகம் பல நிறுவனங்களை ஒருங்கிணைத்து 1991ஆம் ஆண்டில் நாடெங்கும் வயல்களில் நேரடியாக அளந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் டன் என்பதே விடையாக வந்தது. நம் நெல் நிலங்களில் பெரும்பகுதி இடைவிடாது நீர் நிறைந்திருப்பதில்லை. பல இடங்களில் மண்ணில் மட்கும் குறைவு. ஆர்க்கியாவுக்கு உகந்த சூழல் எல்லா வயலிலும் இல்லை.

இவ்வேறுபாட்டிலிருந்து மற்றொரு பயனும் கிட்டுகிறது. பயிர்க்காலத்தின் இடையே வயலை ஓரிரு முறை காயவிட்டால், மண்ணில் காற்றேறி மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். ஏரி நீரை நம்பியுள்ள வட்டாரங்களில் பின்னதே விவசாயிக்கு நேரடி வரவு.

செய்ய வேண்டுவன

நுண்ணுயிர் வளத்தைச் சேமித்து வைக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் உள்ளன. சண்டிகரில் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் சேகரிப்பகமும், புனேயில் தேசிய நுண்ணுயிர் வள மையமும், உத்தரப் பிரதேசத்தின் மவூவில் வேளாண் நுண்ணுயிர்களுக்கான தேசிய அமைப்பும் இயங்குகின்றன. ஆய்வுத் தாளில் உள்ள அறிவு வடமாலபேட்டை போன்ற ஊர்களின் கடலைக் கொல்லையை எட்டுவதற்கு மூன்று செயல்கள் இன்றியமையாதவை.

முதலாவது, புதிய பயிர் ரகம் வெளியிடும்போதே அதற்குப் பொருந்தும் நுண்ணுயிர் வகையையும் அந்தந்த வட்டார மண்ணில் சோதித்து உடன் வழங்க வேண்டும். இரண்டாவது, உயிர் உரத்தின் தரத்தை விற்பனை இடத்தில், விதைப்புக்கு முன் சோதித்து, முடிவை விவசாயி அறியும்படி கடையிலேயே ஒட்ட வேண்டும். பொட்டலத்தில் உற்பத்தித் தேதி இருப்பது மட்டும் போதாது. எங்கே எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதும் முக்கியம். மூன்றாவது, மண், பயிர், கால்நடை ஆகிய மூன்றின் நுண்ணுயிர்களையும் தனித்தனித் துறைகளாகப் பாராமல் ஒரே பண்ணையின் கணக்காகப் பார்க்க வேண்டும். கடலைக் கொடி மாட்டுக்குத் தீவனமாகிறது. சாணம் எரிவாயுக் கலனுக்குச் செல்கிறது. கலனின் கழிவுக் கரைசல் மீண்டும் வயலைச் சேர்கிறது. இந்தச் சுற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்பவை நுண்ணுயிர்களே.

தழைச்சத்துக்காக நாம் யூரியாவையும், அதனைச் செய்யத் தேவையான இயற்கை வாயுவையும் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறோம். மானாவாரி விவசாயிக்கு உரச் செலவு மழையைப் போலவே நிச்சயமற்ற சுமை. வேர்முடிச்சிலும் மாட்டு வயிற்றிலும் நடக்கும் வேலை இவ்விரு சுமைகளையும் முற்றிலும் நீக்கிவிடாது. ஆனால், தரமான பொட்டலம் உரிய காலத்தில் விதையைச் சேருமானால், அச்சுமையில் ஒரு பகுதியைக் குறைக்க முடியும். அதற்கு வேண்டிய அறிவியலும் விதிகளும் நம்மிடம் உள்ளன. அவை கடைத்தெருவிலும் வயலிலும் நடைமுறைக்கு வருவதை உறுதி செய்வதே வளர்ச்சித் துறை அலுவலர்களின் பணி.